பனிக்காட்டில் ஒரு நாள்... ஏரிக்கரையில் ஒரு கேள்வி!

உங்கள் மகனோ மகளோ நார்வே, ஸ்வீடன், கனடா மாதிரி குளிர் தேசத்தில் இருக்கிறார்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உடனே பயன்படும். ‘எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லையே’ என்கிறவர்களும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பனியில் ஆரம்பித்தாலும் நம்ம ஊர் ஏரிக்கரையில்தான் வந்து நிற்கப் போகிறேன்.

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் சிலர் கொஞ்ச வருஷமாக ஒரு புதுக் கேள்வி கேட்கிறார்கள். முன்பெல்லாம், “பையன் துபாய்க்குக் கூப்பிடறான், அந்த சூடு நமக்கு ஒத்துக்குமா?” என்பார்கள். இப்போது, “மருமகன் ஓஸ்லோவுல இருக்காரு. பனியில கட்டையை மாட்டிக்கிட்டு காட்டுக்குள்ள நடக்கலாம் வாங்கன்னு கூப்பிடறாரு. எனக்கு அறுபது வயசு. முட்டி வேற கடகடங்குது. போகலாமா டாக்டர்?”

போங்க. தாராளமா போங்க. சிலர் மட்டும் போகக் கூடாது. யார் யார் என்று பின்னால் சொல்கிறேன்.

பனிச்சறுக்கு என்றதும் நம் கண்முன் வருவது சினிமாப் பாட்டுதான். மலை உச்சியிலிருந்து கலர் கலராகச் சட்டை போட்டவர்கள் சர்ரென்று இறங்கி வருவார்களே, அது. அது வேறு ரகம். அதற்குப் பழக்கமும் துணிச்சலும் வேண்டும். விழுந்தால் எலும்புக்கு உத்தரவாதம் கிடையாது. நான் சொல்வது கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங். சமதரையிலும் சின்னச் சின்ன மேட்டிலும் பனியின் மேல் வழுக்கி வழுக்கி நடப்பது. ‘பனிநடை’ என்று நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்வோமே!

ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளமான, ஒல்லியான கட்டைகள் இரண்டு. பூட்ஸின் முன்பக்கம் மட்டும் கட்டையோடு பூட்டியிருக்கும். நடக்கும்போது குதிகால் எழும்பும். இரண்டு கையிலும் கோல். கட்டை நடுவில் வில் மாதிரி லேசாக வளைந்து தூக்கியிருக்கும். ஒரு காலில் எடையை வைத்து அழுத்தினால் வளைவு தட்டையாகி, நடுப்பகுதி பனியைத் தொடும். அங்கே தடவியிருக்கும் மெழுகு பனியைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில் உந்தினால் மற்ற கால் முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். எடையை எடுத்ததும் வளைவு மறுபடி எழும்பிவிடும், மெழுகு பனியில் படாது. பிடி, வழுக்கு. பிடி, வழுக்கு. அவ்வளவுதான் சூட்சுமம். அன்றைக்கு எவ்வளவு குளிர் என்று பார்த்து மெழுகை மாற்றுகிறார்கள். ஆளைப் பார்த்து நாம் அனுபானத்தை மாற்றுகிற மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

காட்டுக்குப் போகும் மெட்ரோ

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் ஓஸ்லோவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மாசி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒன்றாம் எண் மெட்ரோவில் ஏறுகிறீர்கள். பெட்டி முழுக்க கட்டையும் கையுமாக ஜனங்கள். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை சகிதம் தம்பதிகள். நம்ம ஊரில் மயிலம் பங்குனி உத்திரத்துக்குப் போகிற பஸ் மாதிரி இருக்கிறது, இரைச்சல் மட்டும் இல்லை. ரயில் மலை ஏறிக்கொண்டே போய் ஃப்ரொக்னர்செத்தெரன் என்கிற கடைசி ஸ்டேஷனில் நிற்கிறது. இறங்கினால் எதிரே காடு. நூர்மார்க்கா என்று பெயர். ஊசியிலை மரங்கள் பனியைச் சுமந்துகொண்டு நிற்கின்றன.

அந்தக் காட்டுக்குள் பத்தடி அகலத்துக்கும் மேலே ஒரு வெள்ளைப் பாதை. அதன் ஓரத்தில் ஜோடி ஜோடியாக இரண்டு பள்ளக் கோடுகள். விழுப்புரம் ஜங்ஷன்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கச் சிரமமே இல்லை. தண்டவாளம் தரையிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும், இது தரைக்குள் பதிந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கோடுகளில் இரண்டு கட்டையையும் வைத்துவிட்டால் அது தானாக உங்களை வழிநடத்தும். கால் விலகாது. புதுசாகக் கற்கிறவருக்கு பாதி பயம் அங்கேயே போய்விடுகிறது.

முதல் அரை மணியில் இரண்டு மூன்று தடவை விழுவீர்கள். விழட்டும். பக்கவாட்டில் பனியில் விழுந்தால் பெரும்பாலும் அடிபடாது. கையை ஊன்றித் தடுக்கப் பார்த்தால்தான் மணிக்கட்டுக்கு ஆபத்து. எழுந்திருக்கும்போது இரண்டு கட்டையையும் ஒரே பக்கமாகச் சேர்த்து, ஒரு முழங்காலை ஊன்றி எழுந்திருங்கள். உங்களைத் தாண்டி ஒரு அம்மா போவார். எழுபத்தைந்து வயசு இருக்கும். மூச்சு வாங்காமல் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அவர் வயசில் நம்ம ஊரில், “இனிமே என்னத்த நடந்து...” என்று கட்டிலைத் திண்ணைக்குக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள்.

காட்டுக்கு நடுவில் உல்லெவோல்செத்தர் என்று ஒரு விடுதி. சுடச்சுட கருந்திராட்சைச் சாறு மாதிரி ஒரு பானம், லவங்கப்பட்டை போட்ட ரொட்டி. நீங்கள் ஃபிளாஸ்க்கில் சுக்குமல்லிக் காப்பி கொண்டுபோனாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, மறுபக்கம் இறங்கினால் சொங்ஸ்வான் ஏரி. அங்கே இன்னொரு மெட்ரோ ஸ்டேஷன். மொத்தம் பத்து கிலோமீட்டருக்கு மேல். முதல் நாளே அவ்வளவு வேண்டாம். ஒன்றரை கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்பி வந்தால் போதும். மறுநாள் தோள்பட்டையும் இடுப்பும் வலிக்கும். அது நல்ல வலி. நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவி, வெந்நீரில் குளித்தால் போய்விடும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சாதாரண நடையில் கால்தான் வேலை செய்கிறது, கை ஒப்புக்கு ஆடுகிறது. பனிநடையில் கோலை ஊன்றி உந்துவதால் கை, தோள், முதுகு, வயிறு எல்லாம் காலோடு கூட்டுச் சேர்கின்றன. இத்தனை தசைக்கும் ரத்தம் அனுப்பவேண்டிய இதயம் நன்றாகப் பழகுகிறது. மனிதர்களில் மிக அதிகமாகப் பிராணவாயுவை உபயோகிக்கக்கூடிய உடம்பு யாருக்கு என்று அளந்து பார்த்தால், பனிநடை வீரர்கள்தான் எப்போதும் முதல் வரிசையில் இருக்கிறார்கள். அதே சமயம் முழங்காலுக்கு அதிர்ச்சி குறைவு. ஓடும்போது உடம்பின் முழு எடையும் ‘தொம் தொம்’ என்று மூட்டில் இறங்குகிறதே, அது இங்கே இல்லை. கால் பனியை விட்டு எழும்பிக் குதிப்பதில்லை, வழுக்கத்தான் செய்கிறது. ஆரம்ப நிலை மூட்டுத் தேய்மானம் இருக்கிற அறுபது வயசுக்காரரை நான் தயங்காமல் போகச் சொல்வது இதனால்தான்.

அதற்காக அளவில்லாமல் செய்யலாம் என்று அர்த்தமில்லை. ஸ்வீடனில் வாசலொப்பெட் என்று ஒரு பந்தயம், 1922-லிருந்து நடக்கிறது. சேலன் ஊரிலிருந்து மூரா வரைக்கும் 90 கிலோமீட்டர்! வழியில் புளூபெர்ரிப் பழத்தைக் காய்ச்சிக் கஞ்சி மாதிரிக் கொடுக்கிறார்கள். நிறம் நம்ம நாவல்பழச் சாறேதான். இந்தப் பந்தயத்தை முடித்த 52,755 பேரின் ஆரோக்கியத்தைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து, 2013-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அதிக தடவை ஓடியவர்களுக்கும், ரொம்ப வேகமாக முடித்தவர்களுக்கும் இதயத் துடிப்பு தாளம் தவறுகிற கோளாறு மற்ற போட்டியாளர்களைவிட அதிகம். இன்னொரு பக்கம், இதே பந்தயக்காரர்களிடம் செய்த வேறொரு ஆய்வில் மரண விகிதம் பொதுஜனங்களைவிடக் குறைவாக இருந்தது. (ஆரோக்கியமானவர்கள்தானே பந்தயத்துக்கே வருகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.) நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, பழக்கம் நல்லது, வெறி வேண்டாம்.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று சொல்லுவோம். தும்மல், பசி, தூக்கம் மாதிரி அடக்கக் கூடாதவை. அந்தப் பட்டியலில் ‘இளைப்பு’ம் இருக்கிறது, ‘நீர்வேட்கை’யும் இருக்கிறது. களைப்பை அடக்கிக்கொண்டு ஓடாதே, தாகத்தை அடக்கிக்கொண்டு நடக்காதே. பனியில் இந்த இரண்டாவது ரொம்ப முக்கியம். குளிரில் தாகமே தெரியாது. ஆனால் வறண்ட குளிர்காற்றை இழுத்து விடும்போது மூச்சு வழியாகவே நீர் போய்க்கொண்டிருக்கும். தாகம் எடுக்காவிட்டாலும் அரை மணிக்கு ஒரு தடவை வெதுவெதுப்பாகக் குடியுங்கள்.

“நம்ம உடம்பு அந்தக் குளிருக்கு ஆகுமா டாக்டர்? நமக்கு ரத்தம் சூடாச்சே!” என்று கேட்கிறவர்கள் உண்டு. நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிரித்து, அந்தந்த நிலத்துக்கு என்னென்ன நோய் வரும் என்றெல்லாம் எழுதிவைத்தார்கள். பனிநிலம் என்று ஆறாவது ஒன்று அதில் இல்லை. வாஸ்தவம். ஆனால் 1980-களில் யாழ்ப்பாணத்திலிருந்து போன தமிழர்கள் நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் பகுதி மீன் ஆலைகளில் வேலை பார்த்தார்களே! நெய்தல் நிலத்து உடம்பு உறைபனிக்குப் பழகிக்கொண்டது. நம்ம பக்கத்து மாநிலத்தில், காப்பித் தோட்டம் நிறைந்த குடகைச் சேர்ந்த பவானி என்கிற பெண் 2025-ல் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் பனிநடைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வாங்கினார். அவர் பிறந்த மண்ணில் பனிமூட்டம் வரும், உறைபனி ஏது?

யார் போகக் கூடாது?

நடந்தால் நெஞ்சு வலிக்கிறவர்கள், சமீபத்தில் இதய சிகிச்சை செய்துகொண்டவர்கள் பனியில் இறங்கக் கூடாது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்குச் சுமை கூடும். கட்டுப்பாட்டில் இல்லாத பி.பி. உள்ளவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஆஸ்துமா இருந்தால் குளிர்ந்த வறண்ட காற்றே இழுப்பைக் கிளப்பிவிடும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்க, கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம். எலும்பு மெலிந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பெண்கள் விழுகிற விளையாட்டுக்குப் போகாமல், ஸ்லெட்ஜ் வண்டியில் பேரனை உட்காரவைத்துப் பக்கத்தில் நடந்து போனால் போதும்.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க: இன்சுலின் உறைந்துபோனால் வீண். கோட்டுக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நடையில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அங்கே எல்லோரும் பையில் ஆரஞ்சுப்பழமும் சாக்லேட்டும் வைத்திருப்பது சும்மா இல்லை. உள்ளே பருத்தி பனியன் போடாதீர்கள். வேர்வையில் நனைந்து, நின்றதும் சில்லிட்டுப்போகும். கம்பளி உள்ளாடைதான் சரி. இன்னொன்று, நான் சித்த வைத்தியன் என்பதால் சிலர், “மாத்திரையெல்லாம் நிறுத்திட்டு உங்க சூரணத்தை எடுத்துக்கிட்டுப் போறேன்” என்பார்கள். அப்படிச் செய்யவே கூடாது. பி.பி., சர்க்கரை மாத்திரை எது இருந்தாலும் அது முதலில் பெட்டிக்குள் போகட்டும். சுக்கு அப்புறம்.

தடம் போடுகிறவர்கள்

இதுவரை சொன்னது பயணக் குறிப்பு. இனிமேல்தான் என் ஆதங்கம்.

அந்த எழுபத்தைந்து வயசு அம்மாவை நடக்க வைப்பது எது? அவர் மனஉறுதி, சாப்பாடு என்று எத்தனையோ சொல்லலாம். எனக்கு முதலில் பட்டது அந்த இரண்டு பள்ளக் கோடுகள். அவை தானாக வந்தவை இல்லை. காற்று அடித்தால் மூடிப்போகும், புதுப்பனி விழுந்தால் மறைந்துபோகும், வெயில் அடித்தால் இளகிக் கெட்டியாகிக் கரடுமுரடாகும். அதனால் இயந்திர வண்டிகள் காட்டுக்குள் போய்ப் பனியை அழுத்தி, வாரி, புதுசாகக் கோடு இழுத்துவிட்டு வருகின்றன. மறுபடி பனி விழும். மறுபடி வண்டி போகும். 1883-ல் ஆரம்பித்த ஸ்கீஃபோரெனிங்கன் என்கிற சங்கம் இதைச் செய்கிறது, நகர நிர்வாகமும் கைகொடுக்கிறது. ஓஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகளில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் இப்படித் தடம் இருக்கிறது. சிலவற்றில் விளக்கும் போட்டிருக்கிறார்கள், ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி ஏழு மணிக்குப் போவதற்காக! பனிக்காலத் தடத்துக்குச் சிவப்பு அடையாளம், கோடை நடைக்கு நீல அடையாளம். காட்டில் காலாற நடப்பது எல்லோருடைய உரிமை என்று 1957-லேயே சட்டம் போட்டார்கள். ஓஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டைக் கட்டடங்கள் விழுங்கிவிடாமல் காக்க 2009-ல் தனிச் சட்டம். இத்தனைக்கும் அங்கே இப்போது பனியே வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. தாழ்வான இடங்களில் இயந்திரத்தில் பனி செய்து கொட்டியாவது தடம் போடுகிறார்கள்.

கனடாவில் ‘ஜாக்ராபிட்’ ஜொஹான்சன் என்று ஒரு மனிதர் இருந்தார். 1875-ல் நார்வேயில் பிறந்து கனடாவுக்குக் குடிபோனவர். கியூபெக் மாகாணத்து லோரென்ஷியன் மலைக்காடுகளில் 1930-களில் பனிநடைத் தடங்களை வெட்டித் திறந்தவர். நூறு வயசு தாண்டியும் கட்டை மாட்டிக்கொண்டு போனார். 1987-ல் இறந்தபோது வயசு 111! எல்லோரும் அவருடைய ஆயுளைப் பற்றித்தான் வியக்கிறார்கள். அவர் வெட்டிய வழியில் எத்தனை பேர் நடந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். டாக்டர்கள் எல்லோரும், ஆங்கில வைத்தியரோ என்னை மாதிரி சித்த வைத்தியரோ, தினம் சீட்டில் எழுதுகிற ஒரே பொது மருந்து: ‘முக்கால் மணி நேரம் நடக்கவும்’. மற்ற மருந்துக்குக் கடை இருக்கிறது. இந்த மருந்துக்கு எங்கே போவார்கள்? ஜி.எஸ்.டி. ரோட்டில் நடக்க முடியுமா? ஊருக்குள் நடைபாதை என்று இருப்பதில் பாதியைக் கடை போர்டும் பைக்கும் பிடித்துக்கொள்கின்றன, மீதியில் சாக்கடை மூடி திறந்து கிடக்கிறது. என்னிடம் சர்க்கரைக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ஒரு நாள் தவறாமல் விடியற்காலையில் நடக்கிறவர். பைபாஸ் ஓரத்தில் பைக் மோதி இடுப்பெலும்பு முறிந்தது. நாலு மாசம் படுக்கை. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியது. “நடக்காதவனுக்குத்தான் வியாதி வரும்னு சொல்வாங்க. நான் நடந்து படுத்தேன்” என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பெண்கள் பாடு இன்னும் மோசம். இருட்டோடு கிளம்பினால் நாய், சங்கிலிப் பறிப்பு பயம். விடிந்தபின் கிளம்பினால் அடுப்படி காத்திருக்கிறது. அதனால் மொட்டை மாடியில் சாக்பீஸால் எட்டு வரைந்து அதன்மேல் சுற்றுகிறார்கள். ‘எட்டு நடை’யைச் சித்தர்கள் பேரில் ரொம்பப் பிரபலமாக்கிவிட்டார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரியில் நான் படித்த பாடத்தில் அப்படி ஒன்று கிடையாது. செய்கிறவர்கள் செய்யுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் பதினாறு அடி மாடியில் ஒரு மனுஷி சுற்றிச் சுற்றி வருவது இடமில்லாத குறையால் வந்த வைத்தியம். பாளையங்கோட்டையில் எங்களை மூலிகை பார்க்கப் பாபநாசம் காட்டுக்குக் கூட்டிப்போவார்கள். நாள் முழுக்க நடப்போம். காட்டுவழி நடையில் களைப்பு தெரியாது என்பதை உடம்பால் அறிந்தவன் நான்.

“நம்ம ஜனங்க சோம்பேறி சார், வழி போட்டாலும் நடக்கமாட்டாங்க” என்று ஒரு கட்சி உண்டு. இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையைப் பாருங்கள்! கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து ஸ்பெஷல் ரயில், திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாக ஸ்பெஷல் பஸ், அத்தனையிலும் கூட்டம். “கடைத்தெரு வரைக்கும்கூட நடக்க முடியல டாக்டர்” என்று என்னிடம் சொன்ன அதே அம்மா, மறுவாரம் கிரிவலம் போய்வந்த விபூதியைக் கொடுக்கிறார். பக்தி இருக்கிறது, மறுக்கவில்லை. கூடவே வேறு என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். விளக்கு, தண்ணீர், வழியெல்லாம் துணை, உட்கார இடம், அன்றைக்கு வண்டி வாகனத் தொந்தரவு இல்லை. ஓஸ்லோக் காட்டில் இருக்கிற அத்தனையும் அங்கே இருக்கிறது, பனியைத் தவிர. (சர்க்கரைக்காரர்கள் கிரிவலத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். அருணாசலேஸ்வரர் கோபித்துக்கொள்ள மாட்டார். சுடுதரைக் கொப்புளம் புண்ணாகி வந்து நிற்கிறவர்களை நான்தான் பார்க்கிறேன்.)

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நல்ல யோசனை. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால், மற்ற ஊர்க்காரர்கள் நடப்பதற்கு முதலில் பஸ் ஏற வேண்டும்!

வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஏரிக்கரைகள். திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது. அந்த ஊரின் ஒரு பகுதியான கிடங்கல்தான் நல்லியக்கோடன் என்கிற மன்னனின் ஊர். அவனிடம் போகும் வழியைச் சொல்கிற சங்க இலக்கியம் சிறுபாணாற்றுப்படை. ஆறு என்றால் வழி. வழிகாட்டுவதையே ஒரு நூலாகப் பாடிய மண்ணில் ஒரு கிழவருக்கு நடக்க வழியில்லை! கிடங்கல் ஏரி, விழுப்புரத்தில் வி.மருதூர் ஏரி, இவற்றின் கரைகளை நடக்க லாயக்காக்க நார்வே இயந்திரம் தேவையில்லை. சீமைக்கருவேல முள்ளை வெட்டி, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, ஓரத்தில் நாலு புங்கமரம் வைத்தால் போதும். சிமெண்டுக்கல் பதிக்க வேண்டாம். மூட்டுக்கு மண்பாதைதான் உத்தமம். ஆக்கிரமிப்பை எடுக்க 2007-லேயே தனிச் சட்டம் இருக்கிறது.

காட்டுக்குள்ளும் இதைச் செய்யச் சொல்கிறேனா என்றால், இல்லை. செஞ்சி பக்கத்துப் பக்கமலைக் காட்டையும், 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த கழுவெளியையும் வனத்துறையே பார்த்துக்கொள்ளட்டும். நம் காலை நேர நடைக்காக நரியும் நாரையும் இடம்பெயர வேண்டாம். செஞ்சிக் கோட்டை 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. ராஜகிரி ஏறுவது இளசுகளுக்கு அருமையான பயிற்சி, காலை ஒன்பதுக்குள் ஏறி இறங்கிவிட்டால். முட்டி வலிக்காரர்கள் கீழேயுள்ள கல்யாண மஹாலைச் சுற்றி நடந்தாலே போதும்.

ஏரிக்கரையில் பாதை போடுவது பெரிய காரியம் இல்லை. ரிப்பன் வெட்ட ஆள் கிடைப்பார்கள், கல்வெட்டும் வைப்பார்கள். அதற்கப்புறம்? நமக்குப் பனி கிடையாது, மழை இருக்கிறது. 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. கரை கரையும், மண் அரிக்கும், ஆறே மாசத்தில் முள் மறுபடி தோளுயரம் வளரும். ஓஸ்லோவில் நான் பொறாமைப்பட்டது அந்தத் தடத்தைப் பார்த்து இல்லை, மறுநாள் காலையில் அதே தடம் புதுசாக இருந்ததைப் பார்த்துத்தான். ராத்திரி பனி பெய்திருந்தது. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்கு அது மாசச் சம்பள வேலை.

உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஏரிக்கரையில் ஒரு கிலோமீட்டர் பாதைக்கு இரண்டு ஆள், ஆளுக்கு ஒரு மண்வெட்டி, ஒரு அரிவாள், வாரத்துக்கு இரண்டு நாள் வேலை. வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்? புதுப் பாதைக்கு நிதி வந்ததா என்று கேட்காதீர்கள், இந்த இரண்டு ஆள் சம்பளம் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் வரும் என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று ஒரு கார்டு போட்டு எனக்கும் தெரியப்படுத்துங்கள்.